கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டாரு

கேள்வி: அண்ணா, காசு சேத்து வெச்சு சண்டை கேம் வாங்கினா அதுல ஆடுற பாதி ஆளுங்களுக்கு பூட்டு போட்டு வெச்சிருக்கான், ஒவ்வொருத்தருக்கும் தனியா காசு கேக்குறான். அந்த காலத்துல இப்படியா இருந்துச்சு? இது ஏமாத்து வேலை தானே?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: அந்த காலத்த விடுங்க தம்பி, அப்ப ஆள தனியா விக்கல, முழு கேமையே திரும்ப திரும்ப வித்தாங்க. 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, அப்புறம் சாம்பியன் எடிஷன், டர்போ, 1993ல சூப்பர். அதுல புதுசா வந்த நாலு பேர் வேணும்னா கேம் இருக்குற அந்த டப்பா, அதான் கேட்ரிட்ஜ், அதையே புதுசா வாங்கணும். இன்னா பெரிய பொற்காலம்!

ஆனா உங்க கோவத்துல நியாயமும் கீது. ரெண்டு கம்பெனி ஆளுங்க ஒண்ணா மோதுற கேமை நாம வாங்குறதே ஆளுக்காகத்தான், கதைக்கா வாங்குறோம்? 2012ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் வந்தப்ப 12 பேர் டிஸ்க்குலயே இருந்தாங்க, ஆனா பூட்டி வெச்சு அப்புறமா தனியா வித்தாங்க, அதாவது ஆம்பூர் பிரியாணி பார்சல் உங்க கையில இருக்கு, கத்திரிக்காயும் உள்ளாறயே இருக்கு, ஆனா அந்த பொட்டலத்த பிரிக்க மறுபடி காசு. வாங்கினவனும் வாங்காதவனும் ஆன்லைன்ல மோதணும்னா ரெண்டு பேர் கிட்டயும் அந்த ஆளோட டேட்டா இருக்கணும்னு அந்த கேம பண்ண கேப்காம் கம்பெனி சொன்ன காரணம் பொய்யில்ல, ஆனா அத அப்டேட்ல அனுப்பியிருக்கலாமே. மார்வெல் வெர்சஸ் கேப்காம் இன்ஃபினிட் (2017) இன்னும் மோசம், பிளாக் பாந்தர் கதையில நடமாடுவாரு, நீங்க ஆடணும்னா தனி துட்டு. நம்ம வேலூர் கோட்டையில ராஜா இல்லன்னு கிண்டல் பண்றவங்க இதுக்கு இன்னா சொல்வாங்களோ.

அதுக்காக எல்லாத்தையும் திட்டாதீங்க. ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் 2018ல பழைய பாகத்து ஆளுங்க எல்லாரையும் குடுத்துட்டு தான் ரெண்டு பாஸ், அதாவது புது ஆளுங்கள மொத்தமா சேத்து விக்கிற கட்டு, போட்டு 11 பேர வித்துது, 2021ல கடைசி ஆளா சோரா வந்தப்ப ஒருத்தரும் அழல. சாப்பாடு முழுசா போட்டுட்டு ஸ்வீட்டுக்கு காசு கேட்டா யாரு சண்டைக்கு போவாங்க?

நீங்க கேக்க மறந்தது ஒண்ணு இருக்கு. பெரும்பாலான கேம்ல, வாங்காத ஆள ட்ரெயினிங் மோடுல, அதான் தனியா பழகிப் பாக்குற எடத்துல, எதிர்ல நிறுத்தவே முடியாது, அப்ப அவன் அடிய எப்படி தடுக்குறதுன்னு கத்துக்கவும் காசு. பக்கத்து வீட்டு பையன் வாங்கிட்டான்னா நீங்க ஆன்லைன்ல ஒத வாங்கி ஒத வாங்கியே படிக்கணும். இதத்தான் நான் ஏமாத்துன்னு சொல்லுவேன், வெலைய இல்ல.

சரி பொறுத்திருந்து, எல்லா ஆளையும் சேத்து அப்புறமா வர்ற முழு எடிஷனா வாங்கிக்கலாம்னு நெனச்சா அதையும் கண்ண மூடிக்கினு நம்பாதீங்க. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3 வந்து ஒம்பது மாசத்துல 2011 நவம்பர்ல அல்டிமேட்னு புது டிஸ்க் போட்டாங்க, 12 பேர சேத்தாங்க, ஆனா முன்னாடி தனியா வித்த ஜில், ஷூமா கோராத்னு ரெண்டு ஆளுக்கு மட்டும் அப்பவும் தனி காசு தான்.