டேங்க் கிட்: பெட்டி படத்த பாத்து வாங்காதீங்க

கேள்வி: அண்ணா, 1/35 அளவுல (நிஜத்துல 35ல ஒரு பங்கு) மூணு மாடல் டேங்க் பண்ணிட்டேன், ஓரளவு நல்லாவே வந்துச்சு. அடுத்து பெருசா ஒரு டைகர் 1 (ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டேங்க்), 1/16ல பண்ண ஆசை. ரெண்டு பெட்டி பாத்து வச்சிருக்கேன், ஒண்ணு ஷோகேஸ்ல வைக்கிறது, இன்னொண்ணு ரிமோட்ல ஓடுறது. ஓடுறதையே வாங்கி நல்லா டீடெய்லா பெயின்ட் பண்ணிட்டா ரெண்டு ஆசையும் தீந்துரும்ல?

பதில்: மொதல்ல டேப் எடுத்து நீங்க வைக்கப் போற அலமாரிய அளந்துருங்க. நிஜ டைகர் பேரலோட (பீரங்கி குழாய்) சேத்து 8.45 மீட்டர். 1/35ல அது 24 செ.மீ., 1/16ல கிட்டத்தட்ட 53 செ.மீ., அகலமும் 23 செ.மீ. வந்துரும். நீளத்த பாத்தா ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல தான, என்ன பெருசுன்னு தோணும், ஆனா பெயின்ட் அடிக்கிற பரப்பு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு, அதுக்கு ஏத்த மாதிரி பிரைமர், பெயின்ட், வார்னிஷ் எல்லாமே கூடும். இத யாரும் பெட்டி மேல எழுத மாட்டாங்க.

ரிமோட் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். ஓடுற கிட்ல உள்ள இருக்கிற எடம் பூரா கியர்பாக்ஸும் பேட்டரியும் எடுத்துக்கும், சுவிட்சுக்கும் ஸ்க்ரூவுக்கும் அடியில ஓட்டை இருக்கும், அது பரவால்ல, குப்புற கவுத்து யாரு பாக்கப் போறா. ஆனா நீங்க நாலு மாசம் உக்காந்து அடிச்ச சேறும் துருவும் ரெண்டு தடவ ஓட்டினதும் டிராக் (சக்கரங்கள சுத்தி ஓடுற சங்கிலி பட்டை) உரசி போயிரும், அப்புறம் ஓட்டவே மனசு வராது. நான் பாத்த வரைக்கும் ரெண்டும் வேணும்னு வாங்கினவங்க கடைசியில மோட்டார தொட்டதே இல்ல. இன்னொண்ணு, பிளாஸ்டிக் என்னன்னு கேட்டு வாங்குங்க. சில கிட்ல சில பாகம் ஏபிஎஸ்ங்கற வேற பிளாஸ்டிக்ல வரும், வழக்கமான கிட் பிளாஸ்டிக்கான ஸ்டைரீனுக்கு போடுற க்ளூ அதுல சரியா பிடிக்காது, ஏபிஎஸ்ஸுக்குன்னு தனி க்ளூ வேணும். (ஒரு வேடிக்கை, 1/35ங்கற அளவே மோட்டாரால வந்தது தான். டமியாங்கற ஜப்பான் கிட் கம்பெனி 1960கள் தொடக்கத்துல போட்ட பேந்தர் டேங்க் கிட்ல பேட்டரி உள்ள போகணும்னு பாத்து பாத்து வச்ச சைஸ், அதுவே அப்புறம் ஊரு உலகத்துக்கெல்லாம் அளவாயிருச்சு.)

கேள்வி: ஆன்லைன்ல வாங்கின கிட்ல ஒரு ஸ்ப்ரூவே (பாகங்க ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டம்) இல்ல. மூணு மாசம் கழிச்சு தான் பிரிச்சு பாத்தேன். கடைக்காரர் ரிட்டர்ன் தேதி முடிஞ்சு போச்சுங்கறார்.

பதில்: அவர் சொல்றது கஷ்டமா இருந்தாலும், நம்ம பக்கமும் தப்பு இருக்குங்க. நானே ஒரு தடவ பெட்டிய பத்து மாசம் பீரோ மேல வச்சிட்டு, ஒரு லீவு நாள்ல ஆசையா தொறந்தா டீகால் ஷீட்ட (வண்டி மேல ஒட்டுற நம்பர், சின்னம்) காணோம். யார போய் கேக்குறது, நானே எங்கயாச்சும் வச்சிட்டேனான்னு எனக்கே சந்தேகம்.

பார்சல் வந்த அன்னிக்கே, டேப் கிழிக்கிறதுலருந்து ஒரே வீடியோவா எடுத்துருங்க. இன்ஸ்ட்ரக்ஷன் புக்ல முன்னாடியோ கடைசியிலயோ ஸ்ப்ரூ படம் எல்லாம் போட்டிருக்கும், ஏ, பி, சின்னு எழுத்தோட. அத வச்சு எண்ணுங்க. பக்கத்துல "x2"ன்னு இருந்தா ரெண்டு இருக்கணும், இங்க தான் நெறய பேர் கோட்டை விடுறாங்க. கண்ணாடி பாகம், ஃபோட்டோ எட்ச் தகடு (மெல்லிசா வெட்டின உலோக பாகங்க), டீகால், சின்ன கவர்ல வர்ற ஸ்ப்ரிங், எல்லாம் பாருங்க. ஆனா எதையும் வெட்டிராதீங்க, ஒரு பாகம் வெட்டினாலும் ரிட்டர்ன் எடுக்க யோசிப்பாங்க. உங்க கேஸ்ல இப்ப பண்ணக்கூடியது, கடைய விட்டுட்டு கிட் கம்பெனிக்கே மெயில் போடுறது. கிட் நம்பர், ஸ்ப்ரூ எழுத்து, பில் போட்டோ மூணும் வச்சு அனுப்புங்க. பல கம்பெனி தனி ஸ்ப்ரூ அனுப்புவாங்க, சிலர் காசு கேப்பாங்க, குடுத்து வாங்கினாலும் புது கிட்ட விட லாபம் தான்.

கேள்வி: ஜெர்மன் டேங்க் பெயின்ட் செட்னு பன்னெண்டு பாட்டில் சேத்து விக்கிறாங்க. வாங்கலாமா சார்?

பதில்: வேணாம். மொதல்ல எந்த டேங்க், எந்த மாசம்னு முடிவு பண்ணுங்க, பாதி பாட்டில் தானா கழண்டுரும். ஜெர்மன்காரங்க 1943 பிப்ரவரியில தான் அடிப்படை கலர அடர் சாம்பல்லருந்து அடர் மஞ்சளுக்கு மாத்தினாங்க. அதுக்கு முந்தின வண்டின்னா அந்த மஞ்சளோட பச்சை பிரவுன் சேந்த மூணு கலர் பேட்டர்ன் உங்களுக்கு எதுக்கு? கிட் வாங்கும்போதும் இதே கதை தான், மேல வரிவரியா பூசின சிம்மெரிட் பேஸ்ட் (காந்த வெடி ஒட்டாம இருக்க பூசினது) 1943 பிற்பாதியிலருந்து 1944 செப்டம்பர் வரைக்கும் தொழிற்சாலையில போட்டது, ஆரம்பகால டைகர வாங்கிட்டு சிம்மெரிட் ஷீட்டும் சேத்து ஆர்டர் போடுறவங்கள பாத்திருக்கேன். குழப்பமா இருந்தா டைகர் 131ஐ பண்ணுங்க, 1943 ஏப்ரல்ல துனிசியாவுல பிரிட்டிஷ்காரங்க பிடிச்ச வண்டி, இப்பவும் இங்கிலாந்துல பாவிங்டன் டேங்க் மியூசியத்துல ஓடுற நிலைமையில நிக்குது, ஸ்க்ரூ ஸ்க்ரூவா போட்டோ கிடைக்கும்.

அப்புறம் ஒரு பிராண்டுக்கு அந்த பிராண்டோட தின்னரையே வாங்குங்க. மிச்சம் பண்றேன்னு வல்லெஹோ மாதிரி தண்ணி பெயின்ட்ல லேக்கர் தின்னர ஊத்தினா தயிர் மாதிரி திரிஞ்சு ஏர்பிரஷ் (காத்துல பெயின்ட் தெளிக்கிற பேனா மாதிரி கருவி) மூக்க அடைச்சிரும், அத கழுவி எடுக்கிற நேரத்துக்கு ஒரு பக்க சக்கரம் பூரா அடிச்சிருக்கலாம்.

கேள்வி: இவ்ளோ பெரிய டேங்குக்கு ஏர்பிரஷ் கட்டாயமா?

பதில்: ஸ்ப்ரே கேன்லயும் பிரைமர், பேஸ் கலர் முடிக்கலாம், சின்ன புள்ளி கேமஃப்ளாஜ் மட்டும் வராது. வாங்குறதா இருந்தா காச கம்ப்ரஸர்ல போடுங்க, காத்து டேங்கும் தண்ணி பிரிக்கிற ஃபில்டரும் இருக்கிறது. நாசில் 0.3 மி.மீ. போதும், 1/16 பேஸ் கோட்டுக்கு 0.5 இருந்தா சீக்கிரம் முடியும். பெயின்ட் பால் பதத்துல, காத்து அழுத்தம் 15லருந்து 20 பிஎஸ்ஐக்குள்ள. லேக்கர் அடிக்கிறவங்க ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்க வாங்காம மத்த எதையும் வாங்காதீங்க, துணி மாஸ்க் தூசிக்கு தான்.

கேள்வி: மெட்டல் டிராக், மெட்டல் பேரல், ஃபோட்டோ எட்ச் மூணும் கிட்டோட சேத்து காம்போல வருது. லாபமா?

பதில்: கிட்ல வர்ற பேரலே ஒழுங்கா இருந்தா மெட்டல் பேரல் வேணாம், ரெண்டு பாதியா ஒட்டி நடுவுல கோடு விழுற மாதிரி இருந்தா மட்டும் வாங்குங்க, உருண்டைய கெடுக்காம உப்புத்தாள் போட்டு தேய்க்கிறது பெரிய வேலை. ஃபோட்டோ எட்ச் அப்புறம் பாத்துக்கலாம், பாதி தகடு கடைசி வரைக்கும் கவர்லயே கிடக்கும்.

டிராக் தான் விஷயம். டைகர்ல மேல தாங்குற சின்ன உருளை கிடையாது, டிராக்கோட மேல் பக்கம் சக்கரங்க மேலயே படுத்து, சக்கரத்துக்கு சக்கரம் லேசா தொங்கும். அந்த தொங்கல் இல்லன்னா மிச்சத்த என்ன அழகா பண்ணாலும் பொம்மை மாதிரி தான் நிக்கும். ரப்பர் மாதிரி ஒரே பட்டையா வர்ற டிராக் விறைச்சுக்கிட்டு நிக்கும், சக்கரத்தோட ஒட்டி தான் கீழ எறக்கணும். தனித்தனி லிங்க்ல அது தானா வரும், ஆனா ஒரு பக்கத்துக்கு 96, ரெண்டு பக்கம் 192. லிங்க்குக்கு மூணு நாலு எடத்துல ஸ்ப்ரூ வெட்டின மொட்டு இருக்கும், எல்லாத்தையும் கத்தியால சீவணும், அறுநூறு எழுநூறு சீவல். நான் தினம் பத்து லிங்க்னு பாட்டு கேட்டுக்கிட்டே முடிச்சேன், கட்டை விரல் காப்பு காச்சிருச்சு.

மெட்டல் டிராக்கோட ருசி வேற, கனத்துலயே தொங்கிரும், கருப்பாக்குற திரவத்துல முக்கி எடுத்து, தரையில படுற முகட்ட மட்டும் உப்புத்தாளால ஒரு இழுப்பு இழுத்தா நிஜ இரும்பு பளபளக்கும், பெயின்ட்ல அது வரவே வராது. ஆனா முக்குறதுக்கு முன்னாடி எண்ணெய் பிசுக்கு போக கழுவணும், இல்லன்னா திட்டுத்திட்டா பிடிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: பல் சக்கரமும் சேந்து வருதா, உங்க கிட் பிராண்டுக்குன்னே செஞ்சதா. டிராக்குக்கும் பல்லுக்கும் துளி வித்தியாசம் இருந்தாலும் பத்தாவது லிங்க்ல ஏறி உக்காந்துரும். ஆக்சில் பிளாஸ்டிக்னா அந்த கனத்துக்கு மெட்டல் கம்பி மாத்திக்கோங்க.

கேள்வி: வாஷ் (இடுக்குல அழுக்கு மாதிரி தெரிய விடுற நீர்த்த பெயின்ட்) அடிச்ச மறுநாள் பின்பக்க பிளேட் விரிசல் விட்டு கையோட வந்துருச்சு. வாஷ் பாட்டில் கம்பெனி மேல புகார் குடுக்கலாமா?

பதில்: நிக்காதுங்க. எனாமல் வாஷ்ல இருக்கிற ஸ்பிரிட், பெயின்ட் படாத பிளாஸ்டிக் இடுக்குல தேங்கினா, ஏற்கனவே இழுத்து பிடிச்சு ஒட்டின எடத்துல விரிசல் விடும், ஏபிஎஸ்ல இன்னும் மோசம். வார்னிஷ் ஒரு கோட் அடிச்சு நல்லா காய விட்டுட்டு, மெல்லிசா பிரஷ் நுனியில தொட்டு வச்சிருக்கணும், மொத்தமா ஊத்தக் கூடாது. இப்ப முழுசா ரெண்டு நாள் காய விடுங்க, உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டை குடுத்து சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுங்க, வெளிய தெரியிற கோட்டு மேல ஒரு கேன்வாஸ் சுருளோ கயிறோ கட்டி விட்டுருங்க, போருக்குப் போன வண்டியில மூட்டை முடிச்சு இல்லாம இருக்குமா.