சாசேஜ் பாக்கெட்டில் 250, 451 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

கேள்வி: பிள்ளைகளுக்காக ஃப்ரோசன் சிக்கன் சாசேஜும் நக்கெட்ஸும் வாங்குகிறேன். சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கம் ஐஎன்எஸ் 250, 451, 262 என்று போட்டிருக்கிறது. "கிருமியைக் கொல்ல உப்பு போட்டிருக்காங்க, ஃப்ரீசர்ல வேற இருக்கு, லேசா சூடு காட்டினா போதும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உப்பு போட்டிருப்பது உண்மை. கொல்லும் என்பதுதான் தப்பு.

ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்குத் தரப்படும் சர்வதேச எண். 250 என்பது சோடியம் நைட்ரைட். சாசேஜுக்கு அந்த ரோஸ் நிறத்தைக் கொடுப்பது இதுதான். ஆனால் நிறத்துக்காக மட்டும் போடுவதில்லை. காற்றுப் புகாத பாக்கெட்டுக்குள் வளரக்கூடிய க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி மிகக் கொடிய நஞ்சை உண்டாக்கும். நைட்ரைட் அதைத் தலையெடுக்க விடாது. 262 சோடியம் அசிட்டேட் வகை. இது லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி பெருகுவதைத் தாமதப்படுத்தும். 451 பாஸ்பேட்டுக்கோ கிருமியோடு பெரிய சம்பந்தமில்லை. அதன் முக்கிய வேலை, கறிக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது. கறி சாறோடு இருக்கும், எடையும் குறையாது. இந்த மூன்றில் எதுவும் ஏற்கெனவே கறியில் ஏறிவிட்ட சால்மொனெல்லா என்ற கிருமியைத் துடைத்துப்போடாது.

ஃப்ரீசரும் அப்படித்தான். மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது, ஆனால் செத்தும் போகாது. பனி உருகி அறைச் சூட்டுக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து பெருகத் தொடங்கும். லிஸ்டீரியா இன்னும் மோசம், ஃப்ரிட்ஜின் 4 டிகிரியிலேயே மெல்ல வளரும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் போலோனி என்ற சாசேஜ் வகையிலிருந்து லிஸ்டீரியா பரவி ஆயிரம் பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே அதைச் சூடாக்காமல் அப்படியே ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது வழக்கம். இறந்தவர்களில் பச்சைக் குழந்தைகள் நிறைய. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் சாசேஜ், சலாமி எதையும் சுடச்சுட ஆவி பறக்காமல் கொடுக்காதீர்கள்.

கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். தெர்மாமீட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லையென்றால் தடிமனான துண்டை வெட்டிப் பாருங்கள், நடுவிலும் ஆவி வர வேண்டும். நிறத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. நைட்ரைட் போட்ட சாசேஜ் நன்றாக வெந்த பிறகும் ரோஸாகவே இருக்கும். நக்கெட்ஸில் இதற்கு நேர்மாறு: தொழிற்சாலையிலேயே மேல்மாவை அரைகுறையாகப் பொரித்து அனுப்புவதால் வெளியே பொன்னிறமாக இருக்கும், உள்ளே கறி பச்சையாக இருக்கலாம். 'ரெடி டு குக்' என்றால் முழுசாகச் சமைக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

கேள்வி: வெளிநாட்டில் கோழியைக் கெமிக்கலில் முக்கி எடுக்கிறார்களாமே? நாம் கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவுவது அதற்குச் சமம்தானே?

பதில்: இல்லை. அமெரிக்காவில் உரித்த கோழியை ட்ரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் நனைக்க அனுமதி உண்டு. காரத்தன்மை (அல்கலைன்) அதிகமான கரைசல் அது. தோலின் கொழுப்புப் படலத்தைக் கரைத்து, ஒட்டியிருக்கும் சால்மொனெல்லாவைக் குறைக்கும். குளோரின் கலந்த தண்ணீரில் அலசுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் இப்படி அலசிய கோழியை உள்ளே விடுவதில்லை. பண்ணையிலும் வெட்டுமிடத்திலும் சுத்தம் பார்க்காமல் கடைசியில் கழுவிச் சமாளிக்கப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

நம் வீட்டுக் கல் உப்பு கவிச்சியை எடுக்கும், அவ்வளவுதான். உப்பு கிருமியை அடக்க வேண்டுமானால் உப்புக்கண்டம் மாதிரி கறியில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஈரமே இல்லாமல் போக வேண்டும். ஐந்து நிமிஷ அலசலில் அது நடக்காது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் சிங்க் ஓரம் வைத்த கொத்தமல்லி வரை தண்ணீர் தெறிக்கும். கழுவாமல் மனசு ஒப்பாது என்றால் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசி, சிங்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: ஒரு கிலோ ஃப்ரோசன் சிக்கன் உருகியதும் தட்டு நிறையத் தண்ணீர். நக்கெட்ஸ் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. புகார் செய்யலாமா?

பதில்: இரண்டும் வேறு வேறு. வெறும் கோழிக்கறி என்று விற்கும் பாக்கெட்டின் சேர்மானப் பட்டியலில் தண்ணீரும் 451-ம் இருந்தால், கறி விலையில் தண்ணீரும் வாங்குகிறீர்கள். அடுத்த முறை அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள். கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டை உடம்பு சுலபமாக உறிஞ்சிவிடும்.

ஒட்டிக்கிடப்பதும், உள்ளே பனிக்கட்டி படிந்திருப்பதும் நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததற்கு அடையாளம். ராத்திரி கரண்ட் மிச்சம் பிடிக்க ஃப்ரீசரை அணைக்கும் கடைகள் இருக்கின்றன. அதைச் சமைக்க வேண்டாம். பில், பேட்ச் எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் மூன்றும் தெரியும்படி போட்டோ எடுத்து, முதலில் கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள்.