ஐவர்மெக்டின் போட்டபின் மட்காமல் கிடக்கும் சாணம்

வணக்கம். கென்யாவின் லைக்கிப்பியா பகுதியில் உள்ள உங்கள் பண்ணையில் மழை தொடங்கியதும் எல்லா மாடுகளுக்கும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தை ஊசியாகப் போட்டீர்கள். சாணத்தை மண்ணில் புதைக்கும் சாணவண்டுகள் வருகின்றன, ஆனாலும் சாணம் மண்ணுக்குள் போகவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

வண்டு வருவதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அந்த மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடுதான் வெளியேறும். வளர்ந்த வண்டு பிழைத்தாலும் அதன் புழு பிழைக்காது; பல நாள் சாணத்தில் இந்த நஞ்சு நீடிக்கும். குவியலுக்கு அடியில் மண்ணைத் தோண்டி, வண்டு முட்டையிட்டு வைத்த ஒரு சாண உருண்டையைப் பிளந்து பாருங்கள். நல்ல உருண்டைக்குள் முதுகு திமில்போல் புடைத்த வெண்புழு ஒன்று வளைந்து கிடந்து உள்சுவரைத் தின்றுகொண்டிருக்கும். அது இல்லையென்றால் அடுத்த தலைமுறையே இல்லை.

மழைக்காலம்தான் சவன்னா புல்வெளியில் இந்த வண்டுகள் பெருகும் காலம். அப்போது மொத்த மந்தைக்கும் மருந்து போட்டதே தவறு. இனி சாணத்தில் குடற்புழு முட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் போடுங்கள். குடற்புழுவுக்கு மட்டும்தான் என்றால் லெவாமிசோல், ஃபென்பெண்டசோல் வண்டுக்குப் பெரிய கேடு செய்யாது. மாக்சிடெக்டினும் ஐவர்மெக்டினைவிடத் தேவலை. கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணிக்கு டெல்டாமெத்ரின் தெளிக்கிறீர்களா? அதுவும் சாணத்தில் இறங்கி வண்டைக் கொல்லும். அமிட்ராஸ் பரவாயில்லை.

கோடையில் வண்டு குறைவது இயல்பு. அப்போது சாணத்தைத் தின்பவை கரையான்கள். காய்ந்த குவியலைப் புரட்டினால் அடியில் செம்மண் பூச்சு தெரியும். அவற்றின் புற்றுகளை இடிக்க வேண்டாம்.