இரண்டரை வயதில் ஆறேழு சொற்கள்: முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. நாம் சொல்வது புரிகிறது. ஆனால் ஆறேழு சொற்களே பேசுகிறான். மாமியார் மலையாளத்திலும் நான் தமிழிலும் பேசுவதால் குழம்புகிறானா? ஆறு மாதத்தில் பேச வைப்பதாக ஒரு மையம் முன்பணம் கேட்கிறது. கட்டலாமா? (தக்கலை வாசகி)

பதில்: இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் தலைமுறைகளாக அப்படித்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். தண்ணீருக்கு மலையாளத்தில் 'வெள்ளம்', தமிழில் 'தண்ணி' என இரண்டையும் சொன்னால் இரண்டு சொற்களாகவே எண்ணுங்கள். அப்படி எண்ணியும் ஆறேழுதான் என்றால், இரண்டு வயதிலேயே ஏறத்தாழ 50 சொற்களும் 'அம்மா வா' போன்ற தொடர்களும் எதிர்பார்க்கப்படுவதால், இனியும் காத்திருக்கக் கூடாது.

முதலில் செவித்திறன் பரிசோதனை. கதவு சாத்தினால் திரும்புகிறான் என்பது சான்றாகாது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த குழந்தைக்கும் பெரிய ஓசை கேட்கும், சொல்லின் மெல்லிய ஒலிகள்தான் தவறும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்குங்கள்.

முன்பணம் கட்டாதீர்கள். காதைப் பார்க்காமல், குழந்தையுடன் அரைமணி நேரம்கூடத் தரையில் உட்காராமல், மாதக் கணக்குச் சொல்பவர் விற்பது உங்கள் பயத்தைத்தான். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குப் போகும் தரகும் அந்தப் பணத்திலேயே அடங்கியிருக்கலாம். பயிற்சி தருபவரின் இந்திய மறுவாழ்வு மன்றப் (பேச்சுப் பயிற்சியாளர் போன்றோரைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு, RCI) பதிவெண்ணைக் கேளுங்கள். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு அந்த மன்றத்துக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு யார் அஞ்சப் போகிறார்கள்! தாய் சேய் அட்டையிலும் வளர்ச்சிப் படிநிலைகளை அச்சிட்டுத் தருகிறார்கள். அதைப் படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

நாக்கின் அடியை அறுப்பதும் வசம்பு தேய்ப்பதும் இதற்கு மருந்தல்ல. சோறூட்டும்போது கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, மட்டிப் பழத்தை அவன் கண்ணெதிரே பிடித்துச் சற்றுப் பொறுங்கள்; கை நீட்டியோ முனகியோ கேட்டதும் 'பழம்' என்று சொல்லிக் கொடுங்கள். 'சொல்லு, சொல்லு' என்று நெருக்க வேண்டாம்.

ஒரு நிலைமை மட்டும் வேறு. பேசிய சொற்களை ஒரு குழந்தை இழந்தால், அது ஒன்றரை வயதானாலும் மூன்று வயதானாலும், காய்ச்சலுக்குப் பிறகானாலும், தம்பி பிறந்த பிறகானாலும், காரணத்தை வீட்டிலேயே ஊகிக்காமல் அந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகன் அப்படியல்ல எனினும், பரிசோதனைக்குப் போகும்போது அவன் வீட்டில் விளையாடும் வீடியோ ஒன்றைக் கொண்டுபோங்கள்; புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.