ஊரடங்கு காலத்தில் மனதில் இருந்ததை டிஜிட்டல் ஓவியமாக வரைந்த அனுபவம் உண்டா? அது உதவியதா?

உண்டு. ஆனால் நான் ஓவியம் வரைய உட்காரவில்லை. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்ய உட்கார்ந்தேன், அது வரவில்லை.

மதுரையில் பிளெக்ஸ் டிசைன் செய்கிறவன் நான். காதுகுத்தோ கேதமோ, சுவரில் போஸ்டர் ஏறாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. அஞ்சலிக்கென்று போட்டோஷாப்பில் ஒரு ஃபைல் எப்போதும் தயாராக இருக்கும். மூலையில் ஒரு கண், அதில் ஒரு சொட்டு, ரெண்டு குத்துவிளக்கு, தோற்றம், மறைவு. போட்டோவையும் பேரையும் மாற்றினால் பத்து நிமிஷம். 2020 மார்ச் 25-ல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் ஊரில்தான். அப்புறம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அளவில் அஞ்சலி செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

2021 மே மாதம் பெரியப்பா போய்விட்டார். அழகர் ரெண்டாவது வருஷமாக வைகையில் இறங்காத சித்திரை அது. தத்தனேரி சுடுகாட்டுக்கு நாங்கள் நாலு பேர்தான் போனோம். கட்டிக் கொண்டுவந்த உடம்பில் தலைமாடு எது, கால்மாடு எது என்றே தெரியவில்லை. நீர்மாலை எடுக்கவில்லை, கோடி போடவில்லை, பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்கவில்லை. சொந்தத்தில் யார் வீட்டுக் கேதம் என்றாலும் தேர் கட்டுவதிலிருந்து கொட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பதுவரை முன்னால் நின்று பார்த்த மனுஷன் அவர்.

அண்ணன் போஸ்டர் கேட்டான். ஃபைலைத் திறந்து அவர் போட்டோவை அந்தக் கண்ணுக்குக் கீழே வைத்தேன். அசிங்கமாக இருந்தது. மூடிவிட்டேன்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் போனில் ஐபிஸ் பெயிண்ட் என்கிற படம் வரையும் ஆப்பை இறக்கி விரலால் கிறுக்க ஆரம்பித்தேன். (பேனா வாங்கணுமா என்று கேட்காதீர்கள். விரல் போதும். விரல் மறைக்கிற இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வரையப் பழகினால் சரி.) அவர் முகம் வரவில்லை. வந்தது அவர் தெரு. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, உருமி, தோளில் துண்டு போட்ட ஆட்கள். வந்திருக்கவேண்டிய ஆட்களை ஒவ்வொருவராக வரைய ஆரம்பித்தேன், ஆளுக்கு ஒரு லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. தப்பாக வந்தால் அவரை மட்டும் அழிக்கலாம், தள்ளி நிற்க வைக்கலாம். இப்படியே பத்துப் பதினைந்து ராத்திரி.

ஒருநாள் புது லேயர் சேர்க்க முடியவில்லை. போனின் மெமரி எவ்வளவோ அவ்வளவு லேயர்தான் தரும், என்னுடையது பழைய போன். இருக்கிறவற்றை இணைத்தால்தான் அடுத்த ஆளுக்கு இடம். இணைத்துச் சேமித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேசாத ரெண்டு சித்தப்பாக்களை முதலில் இணைத்தேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது, அவர் போனபிறகு முதல் தடவையாக. உதவியதா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த உதவி அந்த அழுகைதான். மற்றபடி படம் சுமார் ரகம். கை எல்லாம் வாழைக்காய் மாதிரி இருக்கும்.

முடித்ததும் குடும்ப குரூப்பில் போட்டேன். யாரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலையில் பெரியம்மாவிடமிருந்து போன். பேத்தியை விட்டுப் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார்.

"ஏன்டா, மேலூர் மச்சான எங்க? அவர விட்டுப்புட்டியே, கோவிச்சுக்கிருவாருடா."

"எடமில்ல பெரியம்மா, போனு நெறஞ்சிருச்சு."

"அதெல்லாம் சொல்லாத. யாருகூடயாச்சும் சேத்து நிப்பாட்டு."