68 வயது அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பி.பி., ஈ.சி.ஜி. எல்லாம் பார்க்கத்தான் வேண்டுமா?

பார்க்கத்தான் வேண்டும். என் அம்மாவும் "எனக்கென்ன, கல் மாதிரி இருக்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காசிமேட்டில் முப்பது வருடம் மீன் கூடை சுமந்தவர். 71 வயதிலும் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறி வருவார்.

முதலில் தெருமுனை முகாம் ஒன்றில் பார்த்தோம். வெயிலில் வரிசையில் நின்று, டீ குடித்த கையோடு போய் உட்கார்ந்தார். ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். 178 என்றது கருவி. அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அடுத்த வாரம் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் (2021இல் தொடங்கியது) ஒரு பெண் வீட்டுக்கே வந்தார். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னார். அம்மாவை ஐந்து நிமிடம் பேசாமல் வைத்திருந்ததற்கே அவருக்கு விருது கொடுக்கலாம். கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து இரண்டு முறை எடுத்தார்: 156/78, 152/76. வயதானால் ரத்தக் குழாய்கள் விறைத்து, மேல் அளவு மட்டும் ஏறி நிற்பதுண்டு. கீழ் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. கருவியைக் கழற்றிய பிறகும் அந்தப் பெண் அம்மாவின் மணிக்கட்டை விடவில்லை. "நாடி தாளம் தப்பி அடிக்கிறதும்மா, ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்" என்றார்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அபாயமாம். அம்மாவுக்கோ படபடப்புகூட இருந்ததில்லை! இப்போது ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. கருவாட்டைக் குறைப்பது பற்றி மட்டும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் தேவை. நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்துபோவது சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம். ஈ.சி.ஜி. ஒருமுறை சரியாக வந்துவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்தத் தாளப் பிசகு சிலருக்கு வந்து வந்து போகும். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து, தாளம் தப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.