ஸ்பேனரில் சிறு குறை இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

புதிதாக வாங்கிய ஸ்பேனர் செட்டில், ஒன்றின் பூச்சில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி இருக்கிறது, இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறேன். நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து என் பதில் மாறும்.

மதுரையில் பட்டறை வைத்திருப்பவர் அந்தப் புள்ளியை மறந்துவிடலாம். கடலோரத்தில் முடியாது. ஸ்பேனரின் பளபளப்பு நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது. துத்தநாகப் பூச்சாக இருந்தால், அது தன்னை அரிக்கவிட்டு இரும்பைக் காப்பாற்றும். குரோமியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அந்தப் புள்ளியில் இருக்கும் ஓட்டை வழியே உப்பு ஈரம் நுழைந்தால் அரிப்பு முழுவதும் அந்த ஒரே இடத்தில் இறங்கி, பூச்சுக்கு அடியில் பரவும். பிறகு பூச்சு செதிலாகப் பெயர்ந்து உள்ளங்கையைக் கிழிக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகங்களின் அரிப்பைச் சோதிக்க மண்டபம் முகாமில் நிலையம் வைத்திருக்கிறது என்றால், எங்கள் காற்று எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் துருவை நான் சமாளித்துவிடுவேன். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். எனக்குப் பயம் விரிசலிடம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு 19 மி.மீ. ரிங் ஸ்பேனர் வாங்கினேன். வளையத்தின் உள்மூலையில் மயிரிழை போல ஒரு கோடு. அச்சில் அடிக்கும்போது விழுந்த தடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பாம்பனில் நின்ற படகில், என்னிடம் வேலை பழகிய பையன் எஞ்சின் அடிபோல்ட்டைக் கழற்ற முழு பலத்தோடு இழுத்தான். வளையம் அந்தக் கோட்டிலேயே பிளந்தது. அவன் கை இரும்புச் சட்டத்தில் மோதி, இரண்டு விரல்களுக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. வாங்கிய அன்றே கோட்டைப் பார்த்தவன் நான். இன்றும் அது மனத்தை அறுக்கிறது.

அதிலிருந்து எந்தப் புதுக் கருவியையும் மண்ணெண்ணெயில் ஊறவைக்காமல் பெட்டியில் போடுவதில்லை. ஓர் இரவு ஊறட்டும். காலையில் ஈரம் போகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தடவிச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கறுத்த கோடாகத் தெரியும். வெறும் கீறல் என்றால் அப்படிக் கசியாது.

மற்றக் குறைகளுக்காக நான் கடைக்கு அலைய மாட்டேன். உளியின் முதுகு சமமாக இல்லையா, தீட்டுக்கல்லில் அரைமணி நேரம் தேய்த்தால் சரியாகிவிடும். சுத்தியல் பிடியில் மர நரம்பு குறுக்கே ஓடினால் பிடியை மாற்றுங்கள், அது முறிந்து தலை பறக்கும். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பலகையின் நேர் விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாமல் விலகினால், பிசகு இரட்டிப்பாகத் தெரியும். அதைக் கொண்டு படகுக்குச் சட்டம் வெட்டும் ஆசாரிக்கு ஒவ்வொரு மூட்டிலும் இடைவெளி விழும்.

உங்கள் ஸ்பேனரை இன்றிரவே ஊறப்போடுங்கள். காலையில் அந்தப் புள்ளி வெறும் புள்ளியாகவே நின்றால் எண்ணெய் பூசி வைத்துக்கொள்ளுங்கள். கோடாக நீண்டால் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.